பாட்டுள்ள கார்ட்டூன் படத்துக்குச் சின்னப் பிள்ளையைக் கூட்டிப்போக முன்

எங்கள் சின்னவளுக்கு நாலு வயது முடிந்து இரண்டு மாதம். ஓகஸ்ட் விடுமுறை. கார்ட்டூன் படம், நிறையப் பாட்டு, போஸ்டரில் பல்லைக் காட்டிச் சிரிக்கும் ஒரு மிருகம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று ஓட்டோ பிடித்து நாலு பேருமாகப் படமாளிகைக்குப் போனோம். படம் தொடங்கி இருபத்தைந்து நிமிடம் இருக்கும். சின்னவள் என் சால்வைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு "போவம் அம்மா... போவம்" என்று தொடங்கினாள். பெரியவன் ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தான், ரிக்கற் காசு வேறு மனதில் ஓடியது. "கொஞ்சம் பொறு குஞ்சு, இப்ப பாட்டு வரும்" என்று அவளைப் பிடித்து வைத்தேன். பாட்டு வந்தது. பாடியது அந்த அரக்கன்.

அதற்குப் பிறகு இரண்டு கிழமை கக்கூசுக்குத் தனியே போகவில்லை, லைட்டை நிற்பாட்டவும் விடவில்லை. படத்தில் பிழையில்லை, பார்க்காமல் கூட்டிப்போனது என் பிழை. இப்போது எந்தப் படத்துக்கும் முன்னால் ஒரு சின்ன வேலை செய்கிறேன். முன்பள்ளி வாசலில் மற்ற அம்மாமார் "இந்தப் படம் காட்டலாமோ?" என்று கேட்கத் தொடங்கிவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். மூன்று வயது முதல் ஏழு வயது வரையான பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு, அதுவும் முதல் தடவை படம் காட்டப் போகிறவர்களுக்கு இது.

தேவையானவை: ஒரு கொப்பி, ஒரு போன், இரண்டு பின்னேரங்களில் சேர்த்து ஒன்றரை மணித்தியாலம், கொஞ்சம் டேட்டா. படம் பார்க்கும் அன்று காலையில் இதைச் செய்ய வெளிக்கிடாதீர்கள். பிள்ளைக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டால், பிறகு வேண்டாமென்று முடிவெடுக்க உங்களாலும் முடியாது, அவளும் விடமாட்டாள். முடிவெடுத்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும்.

1. முதலில் பிள்ளையைப் பற்றி ஐந்து வரி எழுதுங்கள்

எல்லாரும் படத்திலிருந்து தொடங்குகிறார்கள். நீங்கள் பிள்ளையிலிருந்து தொடங்குங்கள். கடைசியாக எதற்குப் பயந்தாள்? இடி, நாய், முகமூடி, கிறைண்டர் சத்தம், எதுவானாலும் எழுதுங்கள். எவ்வளவு நேரம் ஓரிடத்தில் இருப்பாள்? வீட்டில் இந்த வருடம் யாரும் இறந்தார்களா? அப்பாவோ அம்மாவோ தூரத்தில் இருக்கிறார்களா? இரவில் எத்தனை மணிக்குத் தூங்குவாள்?

மூன்றாவது, நாலாவது கேள்விகளைத் தாண்டிப் போகாதீர்கள். நான் தாண்டிப் போனேன். சின்னவளின் முன்பள்ளிச் சிநேகிதி ஒருத்தி, யாழ்ப்பாணக் கரையோரத்து மீனவர் ஊரான குருநகர்ப் பிள்ளை. தகப்பன் கடலுக்குப் போகிறவர். ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு விளையாட வந்தவளுக்கும் சேர்த்து ரிவியில் 'ஃப்ரோசன்' போட்டேன். 2013இல் வந்த படம், உலகத்தில் பாதிப் பெண்பிள்ளைகளின் பையிலும் போத்தலிலும் இருக்கும் படம். அதில் தொடக்கத்திலேயே, ஒரு பாட்டின் நடுவில், அரசனும் அரசியும் போகும் கப்பலைப் பெரிய அலை ஒன்று மூடிவிடும். அடுத்ததாக அவர்களின் படத்துக்குக் கறுப்புத் துணி போடுவார்கள். எல்லாம் சேர்த்து அரை நிமிடம்கூட வராது. என் பிள்ளைகள் அதைக் கவனிக்கவே இல்லை. அந்தப் பிள்ளை மட்டும் கையிலிருந்த பிஸ்கட்டைத் தட்டில் வைத்துவிட்டு, "அன்ரி, எங்கட அப்பா இண்டைக்கு இரவு போறவர்" என்றாள். அழவில்லை, கத்தவில்லை. அதற்குப் பிறகு பிஸ்கட்டைத் தொடவும் இல்லை.

எந்த இணையத்தளமும் இதை உங்களுக்குச் சொல்லாது. படத்துக்கு வயது போடுகிறவர்களுக்குக் குருநகர் தெரியாது.

இதே கணக்கில் 'கோகோ'வையும் பாருங்கள். 2017இல் வந்தது, 105 நிமிடம். மெக்சிக்கோவில் இறந்தவர்களின் படங்களை வைத்து விளக்கேற்றி, சாப்பாடு படைத்து நினைவுகூரும் நாளைச் சுற்றிய கதை. எங்கள் வீடுகளில் சுவரில் மாலை போட்ட படமும் திவசமும் படையலும் இருப்பதால் நம்முடைய பிள்ளைகளுக்கு இது நன்றாகவே விளங்கும். அதுதான் அதில் நல்லதும், அதுதான் அதில் கவனிக்க வேண்டியதும். உயிரோடு இருப்பவர்கள் மறந்துபோனால் இறந்தவர் அங்கேயும் இல்லாமல் போய்விடுவார் என்று படத்தில் வரும். எங்கள் பெரியவன் அன்றிரவு அப்பப்பாவின் படத்துக்கு முன்னால் போய் நின்று, "நான் மறக்கேல்லை அப்பப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் படுத்தான். எட்டு வயதில் அது அழகு. தாத்தா இறந்து மூன்று மாதமான நாலு வயதுப் பிள்ளைக்கு அது சுமை. படம் ஒன்றேதான்.

2. சான்றிதழ் எழுத்தைப் பாருங்கள், அங்கேயே நிற்காதீர்கள்

படம் எந்த வயதுக்கு ஏற்றது என்று ஒவ்வொரு நாட்டிலும் போடும் குறிதான் இந்த எழுத்து. இதற்கு ஐந்து நிமிடம் போதும். படத்தின் பெயரைப் போட்டுத் தேடினால் மூன்று நாட்டு எழுத்துகள் கண்ணில் படும்.

அமெரிக்காவில் 'ஜி' என்றால் எல்லா வயதினருக்கும், 'பிஜி' என்றால் சில பகுதிகள் சின்னப் பிள்ளைகளுக்கு ஒத்துவராமல் இருக்கலாம், பெற்றோர் பார்த்து முடிவெடுக்க வேண்டும். பிரித்தானியாவில் 'யூ' என்றால் நாலு வயதும் அதற்கு மேலும், 'பிஜி' என்றால் எட்டு வயதளவான பிள்ளையைக் குழப்பாது என்று கணக்கு. இந்தியாவில் 'யூ' எல்லாருக்கும். 2024இல் வந்த விதிகளின்படி, பெற்றோர் வழிகாட்டலோடு பார்க்க வேண்டிய 'யூஏ' என்பதை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். தமிழ் டப்பிங் படங்களில் இதைத்தான் அதிகம் காண்பீர்கள்.

எல்லாரும் விழும் பொறி: 'யூ' என்றால் கைக்குழந்தைக்கும் சரி என்று நினைப்பது. பிரித்தானியக் கணக்கே நாலு வயதிலிருந்துதான் தொடங்குகிறது.

இன்னொன்று, எழுத்து ஒன்றாக இருந்தால் பயமும் ஒரே அளவு என்று நினைப்பது. 1994இல் வந்த 'லயன் கிங்' அமெரிக்காவில் 'ஜி'. தகப்பன் சிங்கம் விழுந்து சாவதும், குட்டி அதன் உடலை எழுப்பப் பார்ப்பதும் அதில் நேரேயே வருகின்றன. 'ஃப்ரோசன்' அங்கே 'பிஜி'. எழுத்தை மட்டும் பார்த்தால் முதலாவதுதான் சின்னப் பிள்ளைக்கு நல்லது என்று வரும். 1996இல் வந்த 'நோத்ர டாம் கூனன்' கதையும் 'ஜி'தான். அதில் வில்லன் ஒரு பெண்மேல் கொண்ட ஆசையையும் நரக நெருப்பையும் பற்றி ஒரு முழுப் பாட்டுப் பாடுகிறான். இப்போது வரும் பெரிய கார்ட்டூன் படங்கள் கிட்டத்தட்ட எல்லாமே 'பிஜி' என்பதால், அந்த எழுத்தை வைத்து ஒன்றிலிருந்து மற்றதைப் பிரிக்கவும் முடிவதில்லை.

பழைய படம் என்றால் சாதுவான படம் என்று நினைக்கிறவர்களும் உண்டு. 1942இன் 'பம்பி'யில் தாய் மானைச் சுடுகிறார்கள். 1940இன் 'பினோக்கியோ'வில் பையன்கள் கத்தக் கத்தக் கழுதையாகிறார்கள். இரண்டையும் தனியே இருந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அப்புறம் 'சாமிப் படம்தானே' என்ற பொறி. நரசிம்மர் கதையை அம்மம்மா மடியில் வைத்துச் சொல்லும்போது தூண் பிளந்ததும் "பிறகு சாமி அவனைத் தண்டிச்சிட்டார்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார். கார்ட்டூனில் தூண் பிளந்த பிறகு நடப்பதையும் காட்ட இடமிருக்கிறது. சாமிப் படத்தையும் மற்றப் படம் போலவே பாருங்கள்.

3. உள்ளடக்கக் குறிப்பைப் படியுங்கள்

எழுத்தைவிடப் பயன் தருவது இதுதான். பிரித்தானியத் தணிக்கைச் சபையின் தளத்தில் ஒவ்வொரு படத்துக்கும் என்ன காரணத்துக்காக அந்த எழுத்தைக் கொடுத்தார்கள் என்று விரிவாக எழுதியிருப்பார்கள். ஐஎம்டிபி என்ற திரைப்படத் தகவல் தளத்தில் 'பெற்றோர் வழிகாட்டி' என்று ஒரு பகுதி இருக்கிறது. அதில் 'பயமூட்டும் காட்சிகள்' என்ற தலைப்புக்கு நேரே போங்கள், மற்றவை பிறகு. கொமன் சென்ஸ் மீடியா தளம் வயதை எண்ணாகவே போடும். எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கும். பிறவுசரில் தமிழுக்கு மாற்றினால் தமிழ் கொஞ்சம் கோணலாக வரும், விஷயம் பிடிபடும். கதை முடிவு முன்பே தெரிந்துவிடுமே என்று தயங்காதீர்கள். தெரியத்தான் வேண்டும்.

கொப்பியில் மூன்றை மட்டும் குறியுங்கள்: யார் சாகிறார்கள், யார் பிள்ளையை விட்டுப் போகிறார்கள், யார் உருமாறுகிறார்கள்.

சாவைப் பற்றி இவ்வளவு அழுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 2014இல் பிஎம்ஜே என்ற பிரித்தானிய மருத்துவ இதழில், அதிகம் ஓடிய 45 கார்ட்டூன் படங்களைப் பெரியவர்களுக்கான படங்களோடு ஒப்பிட்ட ஆய்வொன்று வந்தது. முக்கியமான பாத்திரம் ஒன்று திரையிலேயே சாவது பெரியவர்களின் படங்களில் பாதியில்தான், கார்ட்டூனில் மூன்றில் இரண்டு பங்கில். படித்துவிட்டு எங்கள் அலுமாரியில் இருக்கும் படங்களை விரல் விட்டு எண்ணினேன். தாயும் தகப்பனும் உயிரோடு முடியும் வரை இருக்கும் படம் கையில் கொஞ்சம்தான் மிஞ்சியது.

4. பாட்டுகளைத் தனியே கேளுங்கள்

பாட்டுள்ள படம் என்றால் குதூகலம் என்று நாம் நினைப்பதற்கு நம் சினிமாப் பழக்கம் ஒரு காரணம். நம் படங்களில் பாட்டு வந்தால் கதை கொஞ்சம் ஓய்ந்து நிற்கும், எழும்பி வெளியே போய்க் கச்சான் வாங்கி வரலாம். இந்தப் படங்களில் கதை நகர்வதே பாட்டில்தான். சாவு, பிரிவு, காலம் கடப்பது, வில்லனின் திட்டம் எல்லாவற்றையும் பாட்டுக்குள் போட்டுவிடுவார்கள். 'ஃப்ரோசன்' கப்பலும் பாட்டுக்குள்தான் மூழ்குகிறது. ஆகவே "பாட்டுத்தானே" என்று உள்ளே போகாதீர்கள்.

பெரும்பாலான படங்களின் பாட்டுகள் யூரியூப்பில் காட்சியோடு தனித்தனியே இருக்கும். ஆறு, ஏழு பாட்டு, ஒவ்வொன்றும் மூன்று நிமிடம், மொத்தம் இருபது நிமிட வேலை. அதில் வில்லன் பாடும் பாட்டைக் கண்டுபிடியுங்கள். இந்த வகைப் படங்களில் அப்படியொன்று அநேகமாக இருக்கும். வெளிச்சம் பச்சையாகவோ சிவப்பாகவோ மாறும், நிழல்கள் சுவரில் பெரிதாகும், மேளம் நெஞ்சில் இடிக்கும். என் அனுபவத்தில் நாலு வயதுப் பிள்ளைக்கு இந்தப் பாட்டு ஒத்துவந்தால் மிச்சப் படத்தில் முக்கால்வாசியும் ஒத்துவரும். சமைக்கும்போது இந்தப் பாட்டின் சத்தத்தை மட்டும், படமில்லாமல், போனில் போட்டுவிட்டு அவள் முகத்தைப் பாருங்கள். ஆடினால் சரி. "ஆர் அம்மா பாடுறது?" என்று இரண்டு தடவை கேட்டால் கொப்பியில் எழுதுங்கள்.

வரிகளையும் ஒருமுறை பாருங்கள். கெட்ட வார்த்தை இருக்காது. பிள்ளை திரும்பத் திரும்பப் பாடப்போகும் வரி எது என்பதுதான் கேள்வி. ஆறு மாதம் உங்கள் வீட்டில் அதுதான் ஒலிக்கும். குண்டு, கறுப்பு, முட்டாள் என்று ஒருவரைக் கேலி செய்யும் வரி என்றால் அடுத்த நாளே அது தங்கச்சிமேல் பாயும்.

5. எந்த மொழியில் பார்க்கப் போகிறாள்?

இதைத்தான் நான் கடைசியாக விளங்கிக்கொண்டேன். மற்ற எல்லாவற்றையும்விட இது முக்கியம் என்று இப்போது நினைக்கிறேன்.

மேலே சொன்ன எழுத்துகளும் வயது எண்களும் படத்தில் பேசுவது விளங்கும் பிள்ளையை நினைத்துப் போடப்பட்டவை. யாழ்ப்பாணத்தில் நாலு வயதுப் பிள்ளைக்கு ஆங்கிலப் பேச்சு விளங்காது, கீழே ஓடும் எழுத்தை வாசிக்கவும் வராது. அவளுக்கு மிஞ்சுவது முகம், நிறம், சத்தம் மூன்றும்தான். படத்தில் பயத்தைக் காட்டுவது படமும் இசையும். அந்தப் பயத்தை ஆற்றுவது பெரும்பாலும் பேச்சு. பேச்சைக் கழித்துவிட்டால் பயம் முழுதாக மிஞ்சும், ஆறுதல் மட்டும் போய்விடும்.

2016இல் வந்த 'மோவானா'வின் முடிவை எடுத்துக்கொள்ளுங்கள். மலையளவு நெருப்பு உருவம் ஒன்று கடலில் கையூன்றித் தவழ்ந்து ஒரு சின்னப் பெண்ணை நோக்கி வருகிறது. அந்தப் பெண் பயப்படாமல் மெல்லப் பாடிக்கொண்டு அதை நோக்கி நடக்கிறாள். இருதயத்தைப் பறிகொடுத்த தெய்வம்தான் இப்படி ஆகிவிட்டது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. சொல் விளங்கும் பிள்ளைக்குப் படத்திலேயே அழகான இடம் அது. சொல் விளங்காதவளுக்கு? நெருப்புப் பூதம் பிள்ளையைத் தின்ன வருகிறது, அவ்வளவுதான்.

சின்ன வயதில் இது இன்னும் கூடுதல். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜோஆன் கான்ரர் என்ற ஆய்வாளர் பிள்ளைகளின் திரைப்பயத்தை நெடுங்காலம் ஆராய்ந்தவர். முன்பள்ளி வயதில் பிள்ளைகள் தோற்றத்துக்குத்தான் பயப்படுகிறார்கள், வளர வளரத்தான் உண்மையில் நடக்கக்கூடியவற்றுக்குப் பயப்படத் தொடங்குகிறார்கள் என்பது அவர் கண்டது. நல்லவனாக இருந்தாலும் உருவம் கோரமாக மாறினால் சின்னவர்களுக்கு அவன் பேய்தான்.

என்ன செய்யலாம்? முதலில் தமிழ் ஒலி இருக்கிறதா பாருங்கள். சில பெரிய படங்களுக்கு நல்ல தமிழ் டப்பிங் உண்டு. 2019இன் 'லயன் கிங்'கில் சித்தார்த்தும் அரவிந்த்சாமியும் குரல் கொடுத்திருக்கிறார்கள். அதே ஆண்டின் 'ஃப்ரோசன் 2'இல் எல்சாவின் தமிழ்க் குரல் சுருதி ஹாசன். ஆனால் தமிழிலும் பாட்டு வேகமாகப் போனால் பிள்ளைக்குச் சொல் பிடிபடாது. வாயசைவுக்குப் பொருத்தச் சொற்களை நெருக்கிப் போட்டிருப்பார்கள், எனக்கே பாதி விளங்குவதில்லை. இந்த 2019 'லயன் கிங்'கில் இன்னொரு கவனம்: பழையது 88 நிமிடம், இது 118. மிருகங்கள் உண்மை மிருகம் போலவே இருக்கும். கோட்டில் வரைந்த சிங்கம் சண்டை போடுவதும் நிசச் சிங்கம் சண்டை போடுவதும் நாலு வயதுக்கு வேறு வேறு.

(டப்பிங்கின் பக்கவிளைவு: சின்னவள் ஒரு மாதம் அம்மம்மாவைப் "பாட்டி" என்று கூப்பிட்டாள். அம்மம்மாவுக்குத்தான் கோபம்.)

தமிழ் ஒலி இல்லையென்றால் நீங்கள்தான் டப்பிங். பயமான இடங்களில் காதுக்குள் சொல்லப்போகும் ஒரு வரியை முன்பே யோசித்து வைத்திருங்கள். "அவருக்கு ஆரோ களவெடுத்துப் போட்டினம், அதுதான் கோவம்" என்பது போல. இருட்டில் அந்த நேரத்தில் யோசித்தால் வராது.

6. நாற்பது நிமிடத்தில் நீங்கள் பாருங்கள்

முழுப் படத்தையும் பார்க்க நேரமில்லை என்பதுதான் எல்லாரும் சொல்லும் காரணம். முழுவதும் தேவையில்லை. படம் வீட்டில் கிடைக்குமென்றால் முதல் பதினைந்து நிமிடத்தை அப்படியே பாருங்கள், பெற்றோர் சாவது பெரும்பாலும் அங்கேதான். பிறகு நடுவில் நீங்கள் குறித்து வைத்த இடங்கள். கடைசி இருபது நிமிடத்தை நெற்ஃபிளிக்ஸில் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிடுங்கள்.

பயமான ஒரு காட்சியை மட்டும் இரண்டு முறை பாருங்கள். முதல் முறை வழக்கம்போல. இரண்டாம் முறை கீழே ஓடும் எழுத்தை நிற்பாட்டிவிட்டு, உங்களுக்குத் தெரியாத ஒரு மொழிக்கு ஒலியை மாற்றி, லைட்டை அணைத்துவிட்டுப் பாருங்கள். உங்கள் பிள்ளை பார்க்கப்போகும் படம் அதுதான். நான் முதல் தடவை இப்படிப் பார்த்தபோது கொரிய மொழியில் வைத்தேன். பெரிய மனிசி, எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

டேட்டாச் செலவு: நெற்ஃபிளிக்ஸ் சொல்லும் கணக்கில் குறைந்த தரத்தில் மணிக்கு 0.3 ஜிபி வரை, நடுத்தரத்தில் 0.7 வரை, எச்டியில் 3 வரை. 100 நிமிடப் படம் எச்டியில் 5 ஜிபியைத் தின்றுவிடும், நடுத்தரத்தில் ஒன்றேகால் ஜிபிக்குள் முடியும். சோதித்துப் பார்க்கக் குறைந்த தரமே போதும். வைபை உள்ள இடத்தில் இறக்கி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. படமாளிகைக்குப் புதிதாக வந்த படமென்றால் ட்ரெய்லரும் யூரியூப் பாட்டுகளும் மூன்றாம் படியின் குறிப்பும்தான் கையிலிருக்கும். ட்ரெய்லரை நம்பாதீர்கள், அதில் பகிடிகளைத்தான் பொறுக்கிப் போடுவார்கள். அவசரமில்லாவிட்டால் முதல் மூன்று நாளை விட்டுவிடுங்கள், பார்த்துவிட்டு வந்த யாராவது ஒரு அம்மா அகப்படுவார்.

7. படமாளிகைக்குப் போவதென்றால்

எங்கள் பிள்ளைகள் சூரன்போர் பார்த்து வளர்கிறவர்கள். சூரன் தலையை மாற்றி மாற்றிக்கொண்டு ஓடி வருவான், பறை முழங்கும், பிள்ளைகள் கத்துவார்கள், ஆனாலும் அடுத்த வருடமும் வேண்டும் என்பார்கள். பிறகேன் படத்துக்கு இவ்வளவு பயம் என்று என் மாமியார் கேட்டார். நியாயமான கேள்வி. சூரன்போரில் வெளிச்சம் இருக்கிறது, பிள்ளை அப்பாவின் தோளில் இருக்கிறது, சூரனைத் தூக்குகிற அண்ணைமாரின் கால் தெரிகிறது, பயந்தால் திரும்பி ஐஸ்கிறீம் வானைப் பார்க்கலாம். படமாளிகையில் திரும்பினாலும் இருட்டுத்தான். ஆகவே அந்த நாலில் எத்தனையை உள்ளே கொண்டுபோகலாம் என்று பாருங்கள்.

நேரம்: காலை 10:30 காட்சி. மத்தியானக் காட்சி நித்திரை நேரத்தில் விழும், தூக்கம் குழம்பின பிள்ளை எதற்கும் அழும். இரவுக் காட்சி முடிந்து நேரே படுக்கைக்குப் போவதால் பார்த்ததை மறக்க நேரமிருக்காது. காலையில் பார்த்தால் இரவுக்குள் கதைத்து விளையாடி ஆறிவிடும்.

இருக்கை: பின்வரிசை, நடைபாதை ஓரம், கதவுக்குக் கிட்ட. முன்வரிசை மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

சத்தம்: இதுதான் பலருக்குத் தெரியாத பொறி. பிள்ளை "பயமா இருக்கு" என்று சொல்வதில் பாதி சத்தம். உள்ளே போகும்போதே காதைப் பொத்தினால் உடனே நம்புங்கள். சின்னவர்களுக்கான காதுமூடி இருந்தால் கொண்டுபோங்கள். இல்லையென்றால் உங்கள் இரண்டு கையும் இருக்கின்றன.

காசு: மடியில் இருத்தினால் ரிக்கற் வேண்டுமா, எத்தனை வயதுவரை அரை ரிக்கற் என்பதை முதல் நாளே போனில் கேளுங்கள். ஒருவர் ஒன்று சொல்வார், கவுண்டரில் வேறொன்று சொல்வார்கள், ஆகவே சொன்னவரின் பெயரையும் கேட்டு வையுங்கள். பிறந்த அத்தாட்சிப் பத்திரத்தின் ஒரு படம் போனில் இருந்தால் வாக்குவாதம் மிச்சம். முப்பரிமாணக் கண்ணாடிக்குத் தனிக் காசா என்றும் கேளுங்கள். அந்தக் கண்ணாடி நாலு வயது மூக்கில் நிற்காது, பொதுவாக நான் வேண்டாமென்றே சொல்வேன். இடைவேளை உண்டா, எத்தனையாவது நிமிடத்தில் என்பதையும் கேளுங்கள், கக்கூசுக்கு அது முக்கியம். நடுவில் எழும்பி வந்தால் காசு திரும்பாது. அந்தக் காசு போனதாகவே நினைத்துக்கொண்டு உள்ளே போங்கள். இதை வாசலிலேயே மனதில் முடிவெடுக்காததால்தான் நான் அன்று அவளைப் பிடித்து வைத்திருந்தேன்.

வலிப்பு வந்த பிள்ளையென்றால் மேலே சொன்னது எதுவும் போதாது. மின்னல் போல வேகமாக வெளிச்சம் வெட்டும் காட்சிகள் சிலருக்கு வலிப்பைத் தூண்டும். 2018இல் 'இன்கிரெடிபிள்ஸ் 2' வந்தபோது அமெரிக்காவில் படமாளிகை வாசலிலேயே எச்சரிக்கை ஒட்டினார்கள். முதலில் கிளினிக்கில் வைத்தியரைக் கேளுங்கள்.

8. வீட்டில் பார்ப்பதென்றால்

லைட்டை அணைக்காதீர்கள். சத்தத்தைப் பாதியாக்குங்கள். உலக சுகாதார நிறுவனம் இரண்டு முதல் நாலு வயதுவரை திரைக்கு முன்னால் இருப்பது ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது என்கிறது. ஆகவே 100 நிமிடப் படத்தை இரண்டு நாளுக்குப் பிரியுங்கள். பிரிக்கும் இடத்தை நீங்களே தெரிவு செய்யுங்கள்: ஒரு சந்தோசப் பாட்டு முடிந்த கையோடு. பயமான காட்சியின் நடுவில் மட்டும் நிற்பாட்டாதீர்கள். 2022இல் கரண்ட் வெட்டு இருந்த நாட்களில் சரியாக வில்லன் கையை ஓங்கும் நேரம் ரிவி அணைந்தது. ஓங்கின கை மூன்று மணித்தியாலம் இறங்கவே இல்லை. கரண்ட் வந்த பிறகு படுக்கப்போகும் பிள்ளைகளை எழுப்பி இருத்தி அந்தக் காட்சியை முடித்துக் காட்டவேண்டி வந்தது.

9. பயந்துவிட்டால்

எழும்புங்கள். "ஒண்டுமில்லை", "பெரிய பிள்ளையெல்லே" இரண்டையும் சொல்லாதீர்கள். வெளியே வெளிச்சத்தில் கொண்டுபோய்த் தண்ணீர் கொடுத்து, பயந்தது எது என்று கேளுங்கள். அவள் சொல்லும் விடை உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். எங்கள் சின்னவளிடம் மூன்று நாள் கழித்துத்தான் கேட்டேன். நான் அரக்கன் என்று நினைத்திருந்தேன். அவள் சொன்னது, "அந்தக் குட்டியை அதின்ர அம்மா தேடேல்லை."

வீட்டுக்கு வந்ததும் கதையின் முடிவை நீங்களே வாயால் சொல்லி முடியுங்கள். பாதியில் எழும்பி வந்த பிள்ளைக்குப் படம் பாதியிலேயே நிற்கும். அடுத்த நாள் அந்தப் பாத்திரத்தைக் கீறச் சொல்லி, அதற்கு மீசையும் பாவாடையும் போட்டுவிடச் சொன்னால் நன்றாக வேலை செய்யும். கொப்பியில் திகதி போட்டு, ஆறு மாதம் தள்ளி இன்னொரு திகதி எழுதுங்கள். ஒரு மாதம் தாண்டியும் தூக்கம் குழம்பினால் குடும்பநல மருத்துவ மாதுவிடமோ வைத்தியரிடமோ சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

10. முன்பள்ளியிலோ சனசமூக நிலையத்திலோ காட்டுவதென்றால்

ஒருவருடைய வீட்டு நெற்ஃபிளிக்ஸ் கணக்கு அவர் வீட்டுப் பாவனைக்கு மட்டும்தான், புரொஜெக்டரில் ஊருக்குக் காட்ட அதில் இடமில்லை. கடை டிவிடியும் அப்படியே. உரிமையாளரின் அனுமதி தேவை. அனுமதி கிடைத்தால் பெற்றோருக்கு ஒரு கிழமைக்கு முன்பே ஒரு துண்டு அனுப்புங்கள். படத்தின் பெயர், எத்தனை நிமிடம், மொழி, யார் சாகிறார்கள் என்பது, கீழே "பிள்ளைக்கு ஒத்துவராதது ஏதும் இருந்தால் எழுதவும்" என்று இரண்டு வெற்றுக் கோடு. அந்தக் கோட்டில் என்ன வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் படத்தை முடிவெடுக்க வேண்டும். போன தடவை வந்த துண்டுகளில் ஒன்றில் பென்சிலால், "கடல் வேண்டாம் ரீச்சர்" என்று மட்டும் இருந்தது. படத்தை மாற்றினோம்.